சதுரங்கத்தில் தாக்குதற் கலை: தோற்றவர் பக்கமிருந்து ஒரு பாடம்

சதுரங்கம் என்னும் சொல் நால்வகைப் படையைக் குறிப்பது. யானை, தேர், குதிரை, காலாள் என்ற நான்கு உறுப்புக்களும் ஒருங்கு இயங்கும் சேனைக்கே அப்பெயர் உரியது. இந்திய நாட்டில் தோன்றிய இவ்விளையாட்டு, பாரசீகம், அரபு நாடுகள் என்பவற்றின் வழியாக ஐரோப்பாவை அடைந்து, பதினைந்தாம் நூற்றாண்டின் இறுதியில் அரசிக்கும் அமைச்சருக்கும் நெடுந்தூர வலிமை வழங்கப்பெற்று, இன்றைய வடிவினை எய்திற்று. காய்களின் பெயரும் உருவமும் மாறினும், உறுப்புக்கள் ஒருங்கு இயங்குதல் வேண்டும் என்னும் பழைய கருத்து மாறவில்லை. பெருவீரர் ஆடிய தாக்குதல் ஆட்டங்கள் யாவும் அக்கருத்திற்கே உரை எழுதியவை எனலாம்.

சதுரங்கம் பயிலும் மாணாக்கர் எவரும் முதலில் விரும்பிப் படிப்பது இத்தகைய ஆட்டங்களையே. அரசியை எறிந்து அரசனை வீழ்த்தும் காட்சியிலே இளம் உள்ளம் மயங்குதல் இயல்பு. நாமும் அங்ஙனம் மயங்கினோம். மாணாக்கராயிருந்த காலத்தில், எதிரியின் அரசனுக்கு முன்னே நிற்கும் எச்7 காலாளை அமைச்சரால் வெட்டிப் பலிகொடுக்கும் முறையை ஒரு நூலிற் கண்டு, அதனை மனப்பாடஞ் செய்து, வேறொரு கல்லூரியுடன் நடந்த போட்டியிற் கையாண்டோம். எமது அணியின் வெற்றி தோல்வி அன்று எமது பலகையிலேயே தங்கியிருந்தது. அமைச்சரைக் கொடுத்தோம், குதிரையை ஜி5 கட்டத்திற் பாய்ச்சினோம், அது உடனே வெட்டுண்டது. எதிரியின் அமைச்சர் ஈ7 இலிருந்து அக்கட்டத்தைக் காத்து நின்றதையும், மீள வெட்ட எம்மிடம் காய் இல்லாமையையும் நாம் எண்ணிப் பார்த்திலேம். அணி தோற்றது. எம்மை அழைத்துச் சென்ற ஆசிரியர் கடிந்துரைக்கவில்லை. பலகையை மறுபுறமாகத் திருப்பி வைத்து, "இனி இந்தப் பக்கத்தில் இருந்து பாரும், தம்பி" என்று மட்டுஞ் சொன்னார். எதிரியின் பக்கத்திலிருந்து நோக்கிய அக்கணமே ஜி5 கட்டத்தின் காவல் எமக்குத் தெளிவாகத் தெரிந்தது.

அவ்வொரு சொல்லே இக்கட்டுரைக்கு வித்து. தாக்குதல் ஆட்டம் ஒன்றிலே வென்றவர் செய்த அற்புதத்தைக் கண்டு வியப்பதற்கு முன்னர், தோற்றவர் கதவைத் திறந்துவிட்ட இடம் யாது என வினவுதல் வேண்டும். அவ்வினாவிற்கு விடை காண்பவனே அவ்வாட்டத்தைக் கற்றவன் ஆவான்.

திருக்குறளின் பொருட்பாலிலே தெரிந்து செயல்வகை, வலியறிதல், காலமறிதல், இடனறிதல் என நான்கு அதிகாரங்கள் அடுத்தடுத்து அமைந்துள்ளன. அவை அரசர்க்கு உரைத்தவை. ஆயினும் சதுரங்கப் பலகையின் அரசனுக்கும் அவை பொருந்துதல் வியப்பே. அந்நான்கு தலைப்பின் கீழ் நான்கு ஆட்டங்களை ஈண்டு ஆராய்வோம். பலகையின் எட்டு நிரல்களை வெள்ளையின் இடப்புறமிருந்து ஏ, பி, சி, டி, ஈ, எவ், ஜி, எச் என்றும், குறுக்கே செல்லும் நிரைகளை வெள்ளையின் பக்கமிருந்து 1 முதல் 8 வரையும் குறிப்போம். 'செக்' என்பதை முற்றுகை என்றும், 'மேற்' என்பதை இறுதி முற்றுகை என்றும் வழங்குவோம். பலகை ஒன்றை அருகில் வைத்துக்கொண்டு படித்தல் நலம்.

காலமறிதல்

1858ஆம் ஆண்டு. பாரிஸ் நகரத்து இசைநாடக அரங்கின் தனிமாடம் ஒன்றிலே, அமெரிக்க நாட்டு நியூ ஓர்லியன்ஸ் நகரினரான போல் மோர்பி என்னும் இருபத்தொரு வயது இளைஞர் வெள்ளைக் காய்களுடன் அமர்ந்தார். அவரை எதிர்த்தவர் இருவர்: பிரன்ஸ்விக் கோமகனும், இசுவார் பிரபுவும். இருவரும் கூடி ஆலோசித்தே ஆடினர். ஆட்டம் பதினேழு நகர்வில் முடிந்தது.

தோற்றவர் பக்கமிருந்து நோக்குவோம். கறுப்பு மூன்றாம் நகர்விலே தன் அமைச்சரை ஜி4 இற்குக் கொணர்ந்து, நான்காம் நகர்வில் அதனையே எவ்3 இல் நின்ற குதிரைக்கு மாற்றிவிட்டது. இரண்டு நகர்வு செலவிட்டு வெளிவந்த காய் பலகையை விட்டே நீங்கிற்று. அதனை வெட்டிய வெள்ளை அரசியோ செலவின்றி முன்வந்து நின்றது. ஏழாம் நகர்வில் வெள்ளை அரசி பி3 இற்கு வந்து, பி7, எவ்7 ஆகிய இரு காலாட்களையும் ஒருங்கே அச்சுறுத்தியது. கறுப்பு தன் அரசியை ஈ7 இல் வைத்தது. அது எவ்8 இல் இருந்த தன் அமைச்சருக்கே வழியடைத்தது.

இங்கே மோர்பி செய்தது கவனிக்கற்பாலது. பி7 காலாளை அவர் வெட்டியிருக்கலாம். வெட்டின், கறுப்பு அரசி பி4 இலே முற்றுகையிட்டு அரசிகளை மாற்றிக்கொள்ளும். ஒரு காலாள் மிகுதியுடன் நெடிய ஆட்டம் ஒன்று எஞ்சும். மோர்பி அக்காலாளைத் தொடாது, குதிரையை சி3 இற்குக் கொணர்ந்தார். அடுத்து அமைச்சரை ஜி5 இற்கு அனுப்பினார். ஒன்பதாம் நகர்வின் முடிவில் வெள்ளையின் அரசி, இரு அமைச்சர், ஒரு குதிரை ஆகிய நான்கும் போர்க்களத்தில் நின்றன. கறுப்பின் பக்கத்தில் வெளிவந்தவை ஒரு குதிரையும், வழிமறித்து நின்ற அரசியுமே.

இந்நிலையிற் கறுப்பு பி காலாளைத் தள்ளி வெள்ளை அமைச்சரை விரட்ட முயன்றது. மோர்பி பின்வாங்கவில்லை. குதிரையை பி5 இற் கொடுத்து இரு காலாட்களைப் பெற்று, அமைச்சரால் முற்றுகையிட்டார். பன்னிரண்டாம் நகர்விலே பெரிய பக்கத்தில் கோட்டை கட்டினார்; அரசன் காவல் பெற்றதும் கோட்டை டி நிரலில் ஏறியதும் ஒரே நகர்வில் நிகழ்ந்தன. பின்னர் டி7 இலே கோட்டையைக் கொடுத்து ஒரு குதிரையைப் பெற்றார். வெட்டுண்ட கோட்டையின் இடத்திற்கு எச்1 இற் சும்மா இருந்த மற்றைக் கோட்டை அடுத்த நகர்விலேயே வந்தது. பதினாறாம் நகர்வில் அரசியையும் பி8 இற் கொடுத்தார். பதினேழாம் நகர்வில் டி8 இற் கோட்டையால் இறுதி முற்றுகை.

முடிவிலே வெள்ளையிடம் அரசனையும் காலாட்களையும் தவிர எஞ்சியவை ஒரு கோட்டையும் ஓர் அமைச்சருமே. அவ்விரண்டும் அரசனை வீழ்த்தப் போதியனவாயின. கறுப்பின் எவ்8 அமைச்சரும் எச்8 கோட்டையும் ஆட்டம் முடியுமளவும் ஓர் அடியும் எடுத்து வைக்கவில்லை. மோர்பியின் அரசி பலியை மனனஞ் செய்யும் மாணாக்கன் கனியைக் கண்டான். குதிரையை சி3 இல் வைத்த அமைதியான எட்டாம் நகர்வை உணர்பவனே வேரைக் கண்டான்.

இடனறிதல்

1851ஆம் ஆண்டு இலண்டன் மாநகரில் நடந்த சர்வதேசப் போட்டியில் முதலிடம் பெற்றவர் அடோல்வ் அண்டர்சன். அவர் பிரெஸ்லௌ நகரிலே கணித ஆசிரியராய் இருந்தவர். அப்போட்டிக் காலத்திலே, போட்டிக்குப் புறம்பாக, லயனல் கீசெரிற்ஸ்கி என்பாருடன் அவர் ஆடிய ஆட்டம் ஒன்று 'அழியா ஆட்டம்' எனப் பெயர்பெற்றது. ஓர் அமைச்சர், இரு கோட்டைகள், இறுதியில் அரசி என இத்தனையையுங் கொடுத்து, இருபத்து மூன்றாம் நகர்வில் அண்டர்சன் வென்றார்.

முடிவு நிலையை எண்ணிக் கணக்கிடுவோம். கறுப்பு இழந்தவை மூன்று காலாட்கள் மட்டுமே. அதன் அரசி, இரு கோட்டைகள், இரு அமைச்சர், இரு குதிரைகள் ஆகிய யாவும் பலகையில் உள்ளன. வெள்ளையிடமோ இரு குதிரைகளும் ஓர் அமைச்சருமே பெருங்காய்களாய் எஞ்சின. பொருளாற் செல்வன் கறுப்பே, மாண்டவனும் அவனே. இஃது எங்ஙனம் நிகழ்ந்தது?

காய்கள் நின்ற இடத்தை நோக்குக. கறுப்பு அரசி ஏ1 மூலையில், கோட்டையைக் கவர்ந்த களிப்பில் நின்றது. ஓர் அமைச்சர் ஜி1 இல், மற்றொரு கோட்டையைக் கவர்ந்து நின்றது. இரு கோட்டைகளும் மற்றை அமைச்சரும் பிறந்த இடத்தை விட்டு அசைந்தில. வெள்ளையின் மூன்று காய்களோ கறுப்பு அரசனைச் சூழ்ந்து நின்றன. ஊருக்கு வெளியே பெருஞ்செல்வம் புதைத்து வைத்தவன் வீட்டு வாயிலிற் கள்வர் புகுந்தாற்போன்றது கறுப்பின் நிலை.

இவ்வாட்டத்தின் உயிர்நிலை பத்தொன்பதாம் நகர்வு. அப்பொழுது கறுப்பு அரசி பி2 இல் நின்று, மூலைவிட்ட வழியே ஜி7 கட்டத்தைத் தொலைவிலிருந்தே காத்துக்கொண்டிருந்தது. அண்டர்சன் ஏ1 கோட்டையைக் காக்க முயலவில்லை. ஈ காலாளை ஈ5 இற்கு ஓர் அடி நகர்த்தினார். அவ்வளவே. அச்சிறு காலாள் அரசியின் பாதையை அடைத்துவிட்டது. எதிரியின் மிகப் பெரிய காயை வெட்டாமலே பயனற்றதாக்கிய அந்நகர்வு, பின்வந்த அரசி பலியினும் ஆழமானது என்பது எமது துணிபு.

இனித் தோற்றவர் பக்கம். கறுப்பு ஆடிய இருபத்திரண்டு நகர்வுகளில் எட்டு நகர்வுகள் அரசிக்கே செலவாயின. அதன் குதிரை ஒன்று நான்கு முறை நகர்ந்து, பதினான்காம் நகர்வில் புறப்பட்ட ஜி8 கட்டத்திற்கே திரும்பிற்று. பதினெட்டாம் நகர்விலும் வழி இருந்தது: அரசியால் ஏ1 கோட்டையை முற்றுகையுடன் வெட்டி, மீண்டும் பி2 இற்கே வந்திருப்பின், கறுப்பு நன்கு எதிர்த்து நின்றிருக்கலாம் என்பது பின்னர் ஆராய்ந்தோர் கண்ட முடிபு. ஆதலின் அழியா ஆட்டமும் பிழையற்ற ஆட்டம் ஆகாது. தோற்ற கீசெரிற்ஸ்கியே அதனைத் தமது சதுரங்கச் சஞ்சிகையில் வெளியிட்டார். தம் தோல்வியை உலகறியச் செய்த அப்பெருந்தன்மையால் நாம் இன்று அதனைக் கற்கின்றோம்.

வலியறிதல்

அண்டர்சனும் மோர்பியும் ஆடிய காலத்திற்குப்பின், வில்ஹெல்ம் ஸ்ரைனிற்ஸ் என்பார் தாக்குதலுக்கு இலக்கணம் வகுத்தார். 1886 முதல் 1894 வரை உலக வெற்றிவீரராய் விளங்கிய அவர் போதித்தது இது: நிலையிலே மேம்பாடு உடையவனே தாக்குதற்கு உரியவன், அம்மேம்பாடு பெற்றவன் தாக்காதொழியின் அதனை இழப்பான். தாக்குதல் வீரனின் மனவெழுச்சியைப் பொறுத்ததன்று என்பதும், பலகையின் நிலையே அதனை வேண்டி நிற்கும் என்பதும் இதனாற் பெறப்படும்.

இதற்கு எடுத்துக்காட்டாக, பின்னாளில் உலக வெற்றிவீரரும் கணித கலாநிதியுமாய் விளங்கிய இமானுவேல் லாஸ்கர், தமது இருபதாம் வயதில், 1889ஆம் ஆண்டு அம்ஸ்ரடாம் நகரில், பௌவர் என்பாருடன் ஆடிய ஆட்டத்தைக் கூறலாம். இரு அமைச்சரையும் அடுத்தடுத்துப் பலிகொடுத்து அரசனின் கோட்டையைத் தகர்க்கும் முறைக்கு இதுவே மூல ஆட்டமாகக் கொள்ளப்படுகின்றது.

பதினான்காம் நகர்வில் லாஸ்கர் குதிரையை எச்5 இல் வைத்து, அரசனைக் காத்த ஒரே குதிரையை அங்கு இழுத்தார். பின்னர் ஓர் அமைச்சரை எச்7 இலும் மற்றொன்றை ஜி7 இலும் கொடுத்தார். அரசனுக்கு முன்னே நின்ற காலாட்கள் இரண்டும் மறைந்தன. அரசி ஜி4 இல் முற்றுகையிட, கோட்டை எவ்3 இற்கு ஏறி, அடுத்து எச்3 இற்குச் செல்ல ஆயத்தமாயிற்று. இவ்விடத்திலே ஒன்று நோக்கத்தக்கது. வெள்ளை ஆட்டத்தைத் தொடங்கியதே எவ் காலாளை எவ்4 இற்குத் தள்ளித்தான். அம்முதல் நகர்வு விட்ட வெளியிலேயே பத்தொன்பதாம் நகர்விற் கோட்டை நடந்தது.

இறுதி முற்றுகையைத் தவிர்க்கக் கறுப்பு தன் அரசியை எச்6 இற் கொடுத்து ஒரு கோட்டையையே பெற்றது. இவ்வளவோடு நின்றிருப்பின் லாஸ்கரின் கணக்கு அவருக்கே பாதகமாய் முடிந்திருக்கும்: அவரிடம் ஓர் அரசியும் ஒரு கோட்டையும், எதிரியிடம் இரு கோட்டைகளும் இரு அமைச்சரும். ஆயின் அவர் அரசி இருபத்திரண்டாம் நகர்வில் டி7 இற் சென்றமர்ந்து, பி7 இலும் ஈ7 இலும் காவலின்றி நின்ற இரு அமைச்சரையும் ஒருங்கே தாக்கிற்று. ஒன்று வீழ்ந்தது. ஆட்டத்தின் முடிவும் அதனோடு தீர்ந்தது.

பதினான்காம் நகர்விற் குதிரையைத் தொட்டபோதே இருபத்திரண்டாம் நகர்வின் இரட்டைத் தாக்குதலை அறிந்திருந்தாலன்றி இப்பலியைக் கொடுத்தல் தகாது. வலியறிதல் என்பது இதுவே: கொடுத்ததையும் பெறப்போவதையும், எதிரியின் காவலையும் காவலின்மையையும் முடிவுவரை கூட்டிக் கழித்துப் பார்த்தல். கற்றவர் கைவிடவில்லை. இருபத்தைந்து ஆண்டுகளின் பின், 1914ஆம் ஆண்டு சென் பீற்றர்ஸ்பேர்க் போட்டியில், நிம்சோவிச்சுக்கு எதிராகக் கறுப்புக் காய்களுடன் ஆடிய தராஷ் இதே இரட்டைப் பலியாற் வென்றார். அவர் நகர்வுகளை மனனஞ் செய்து ஒப்புவிக்கவில்லை. வேறொரு நிலையில் அதே இலக்கணம் பொருந்துவதை இனங்கண்டார்.

தெரிந்து செயல்வகை

ருடோல்வ் ஸ்பீல்மன் என்னும் தாக்குதல் வீரர், சதுரங்கப் பலிகளைப் பற்றி 1935இல் எழுதிய நூலிலே, அவற்றைப் போலிப் பலி, மெய்ப் பலி என இரண்டாக வகுத்தார். கொடுத்தது குறித்த சில நகர்வுகளில் வட்டியுடன் மீளும் என எண்ணி அறியக்கூடியது போலிப் பலி. முடிவு காணமுடியாத இடத்திலே, நிலையை நம்பிக் கொடுப்பது மெய்ப் பலி. மோர்பியின் அரசி பலி முன்னைய வகை. பின்னைய வகைக்குப் பெரும் எடுத்துக்காட்டு மிகயில் தால்.

லத்வியா நாட்டு றீகா நகரிலே 1936இற் பிறந்த தால், 1960ஆம் ஆண்டு மொஸ்கோவில் பொட்வின்னிக்கை பன்னிரண்டரைக்கு எட்டரை என்ற புள்ளியில் வென்று, இருபத்து மூன்று வயதில் உலக வெற்றிவீரரானார். அப்போட்டியின் ஆறாம் ஆட்டத்திலே, கறுப்புக் காய்களுடன், இருபத்தோராம் நகர்வில் தம் குதிரையை எவ்4 இற் கொடுத்தார். உடனே பெறத்தக்க பொருள் எதுவும் இல்லை. அடைபட்டிருந்த தம் காய்களுக்கு வழி திறப்பதே அவர் நோக்கம். இருபத்தைந்தாம் நகர்வில் பொட்வின்னிக் தம்முன் நின்ற அரசியை வெட்டினார். தால் நாற்பத்தேழு நகர்வில் வென்றார். அவ்விடத்திலே அரசியை விடுத்து, எவ்3 இல் வந்து நின்ற காலாளை அமைச்சரால் வெட்டியிருப்பின் நிலை வெள்ளைக்கே சாதகமாயிருக்கும் எனப் பின்னர் ஆராய்ந்தோர் கண்டனர்.

அங்ஙனமாயின் தாலின் பலி பிழையா? அமைதியான அறையிற் பல நாள் ஆராய்ந்து காணும் விடையை, மணிக்கூடு ஓடிக்கொண்டிருக்கப் பலகையின் முன் ஒருவர் காணல் வேண்டும் என்பதே தால் எதிரிக்கு வைத்த வினா. அவர் காயை மட்டுமன்றி எதிரியையும் நேரத்தையும் தெரிந்தே செய்தார்.

கதை இதனோடு முடியவில்லை. தோற்ற பொட்வின்னிக் தாலின் ஆட்டங்களை ஓராண்டு அயராது ஆராய்ந்தார். திறந்த நிலைகளைத் தவிர்க்கவும், உரிய இடத்தில் அரசிகளை மாற்றிக்கொள்ளவும் தம்மைப் பழக்கினார். 1961இல் நடந்த மறுபோட்டியிலே, தமது நாற்பத்தொன்பதாம் வயதில், பதின்மூன்றுக்கு எட்டு என்ற புள்ளியில் வென்று பட்டத்தை மீட்டார். தாலின் உடல்நலம் அப்பொழுது குன்றியிருந்தது உண்மையே; எனினும் தாலின் தாக்குதல் ஆட்டங்களில் மிகுதியாகக் கற்றவர் யார் என வினவின், அவற்றில் தோற்றவரே என்பதன்றி வேறு விடை இல்லை.

கற்கும் முறை

மேற்கூறியவற்றிலிருந்து மாணாக்கர் கைக்கொள்ளத்தக்க முறை ஒன்றைச் சுருங்கக் கூறுவோம்.

முதலாவது, ஓர் ஆட்டத்தை எடுத்தால், அதன் நகர்வுகளை ஒரு தாளால் மறைத்துக்கொண்டு, வென்றவரின் ஒவ்வொரு நகர்வையும் தாமே ஊகித்தல். ஊகம் பிழைத்த இடத்தைக் குறித்து வைத்தல். பத்து ஆட்டங்களை மேலோட்டமாகப் பார்ப்பதினும் ஓர் ஆட்டத்தை இவ்வாறு கற்றல் மேல்.

இரண்டாவது, முதற்பலி நிகழும் நகர்வில் நிறுத்தி, இருபக்கத்துக் காய்களையும் எண்ணுதல்: வெளிவந்தவை எத்தனை, எதிரியின் அரசனை நோக்கி நிற்பவை எத்தனை, அவனைக் காப்பவை எத்தனை. இவ்வெண்ணிக்கையைத் தாளில் எழுதுதல் வேண்டும். மனத்திற் கூட்டிய கணக்கு ஆசையின் பக்கம் சாயும்.

மூன்றாவது, பலகையைத் திருப்பித் தோற்றவர் பக்கம் அமர்தல். காலம், இடம், வலி என்பவற்றில் எது முதலில் இழக்கப்பட்டது என்று தேடுதல். அவருக்கு இருந்த இறுதி நல்ல நகர்வைக் கண்டுபிடித்தல்.

நான்காவது, இவ்வளவுஞ் செய்தபின்னரே கணினியை வினவுதல். இன்று அது நொடிப்பொழுதிற் பிழைகளைக் காட்டிவிடும். விடையை முதலிற் பார்த்துவிட்டுக் கணக்குச் செய்யும் மாணாக்கன் தேர்வு மண்டபத்திற் படும் பாட்டை ஆசிரியர்கள் அறிவர். சதுரங்கப் பலகையிலும் அதே பாடு உண்டு.

ஐந்தாவது, தமது சொந்தத் தோல்விகளையும் இம்முறையிலேயே எழுதி வைத்தல். கீசெரிற்ஸ்கி வெட்கப்படவில்லை, நாம் வெட்கப்படுதற்கு யாதுங் காரணமில்லை.

எம்மை அன்று அணியுடன் அழைத்துச் சென்ற ஆசிரியர் இன்று இல்லை. அவர் எமக்குக் கற்பித்த நகர்வுகள் பல மறந்துபோயின. பலகையைத் திருப்பிய அந்தக் கை மட்டும் மறக்கவில்லை. வழக்கு மன்றிலும் பணிமனையிலும் வீட்டிலும், எமது பக்கமே நியாயம் என்று உறுதியாய்த் தோன்றிய வேளைகளிலே, ஒரு கணம் பலகையைத் திருப்பிப் பார்த்திருக்கின்றோம். பல முறை எம் கண்ணிற்படாத ஒரு ஜி5 கட்டம் அங்கே தெரிந்திருக்கின்றது. இக்கல்லூரியில் இன்று சதுரங்கம் பயிலும் இளைஞர் எம்மினும் நன்கு தாக்குவாராக. தாக்குதற்கு முன் எம்மினும் நன்கு திருப்பிப் பார்ப்பாராக.